பச்சை உப்பும் பட்டப்படிப்பும்

பிளஸ் டூ வேதியியல் செய்முறை வகுப்பு. கண்ணாடித் தண்டின் நுனியில் கொஞ்சம் உப்பை எடுத்து, அடர் அமிலத்தில் குழைத்து, சுடரில் காட்டுகிறாள் ஒரு மாணவி. சுடர் பச்சையாகிறது. 'பேரியம் இருக்கலாம்' என்று நோட்டில் எழுதுகிறாள்.

அவள் படிப்பது விருதுநகர் மாவட்டத்தின் வெம்பக்கோட்டை, தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணை பக்கத்துப் பள்ளி என்றால், அந்தப் பச்சையை அவள் குடும்பம் ஏற்கெனவே அறியும். பேரியம் நைட்ரேட்டுக்குப் பட்டாசுக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் பச்சை உப்பு. உச்ச நீதிமன்றம் தடை போடும்வரை அது இந்தப் பகுதியில் மூட்டை மூட்டையாகப் புழங்கியது. எந்த உப்பு எந்த நிறம் தரும், ஈரம் பட்ட அலுமினியப் பவுடர் ஏன் தானாகச் சூடேறும், வெயில் ஏறுவதற்குள் ஏன் மருந்துக் கலவையை முடித்துவிட வேண்டும் என்பதெல்லாம் அவள் அம்மாவுக்குத் தெரியும். பாடப்புத்தகத்தில் வேறு பெயரில் இருப்பதும் அதே வேதியியல்தான். ஆனால் கல்லூரியில் என்ன படிக்கலாம் என்று அந்த வீட்டில் பேச்சு எழும் நாளில், அந்த அறிவு கணக்கில் சேர்வதே இல்லை. "இந்த மருந்து நாத்தம் என்னோட போகட்டும், நீ ஏதாவது கம்ப்யூட்டர் படி" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சாத்தூர் வட்டாரத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் தெருவில் வேலை முடிந்து வரும் அக்காமார் கைகள் வெள்ளி பூசியதுபோல் மின்னும். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் நகக்கணுவில் அது தங்கிவிடும். அந்தக் கை தன் பிள்ளைக்கு வரக்கூடாது என்று அவர்கள் நினைப்பதில் என்ன தவறு? ஆனால் 'எது வேண்டாம்' என்பது மட்டும் தெளிவாக இருந்து, 'எது வேண்டும்' என்பதை விசாரிக்க ஒருவரும் இல்லாமல் ஒரு பிள்ளை கல்லூரிக்குள் போகிறதே, அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

விருதுநகர் மாவட்டத்துக்குப் பரீட்சை எழுதச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1985-இல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்து உருவான இந்த மாவட்டம், பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் மாநிலத்தின் முதலிடத்தில் இருந்தது. 2018-இல் 97.05 சதவீதம், 2023-இல் 97.85 சதவீதம் என்று சமீப ஆண்டுகளிலும் முதலிடம் பிடித்தது. மழை பொய்க்கும் கரிசல் பூமியில் இதற்கு ஒரு நீண்ட பின்கதை உண்டு. விருதுநகர் வியாபாரிகள் தங்கள் வணிகத்தில் மகமை என்று ஒரு பங்கை ஒதுக்கி, வீடு வீடாகப் பிடியரிசி சேர்த்து, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சத்திரிய வித்தியாசாலையை நடத்தினார்கள். அங்கே படித்து, படிப்பைப் பாதியில் விட்ட ஒரு சிறுவன்தான் பின்னாளில் முதலமைச்சராகி ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்த காமராஜர்.

கல்லூரிகளும் அதே வழியில் வந்தவைதான். விருதுநகரில் 1947-இல் செந்திக்குமார நாடார் கல்லூரி, 1962-இல் வன்னியபெருமாள் மகளிர் கல்லூரி. சிவகாசியில் 1963-இல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, 1968-இல் ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி, 1984-இல் மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி. ஒரு கல்லூரியின் பெயரிலேயே பட்டாசு இருக்கிறது. இன்னொன்றின் பெயரில் அலுமினியப் பவுடர் தயாரிக்கும் நிறுவனம் இருக்கிறது. தீப்பெட்டியிலும் பட்டாசிலும் வந்த பணம் இங்கே வகுப்பறையாகியிருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும், மத்திய அரசு 2018-இல் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலைத் தயாரித்தபோது தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்ற இரண்டில் ஒன்று விருதுநகர். இன்னொன்று ராமநாதபுரம். தேர்ச்சியில் முதல் வரிசை, வாழ்க்கைத் தரத்தில் பின்வரிசை. மதிப்பெண் பட்டியலுக்கும் முதல் சம்பளத்துக்கும் நடுவில் உள்ள பாலம் இங்கே பலவீனமாக இருக்கிறது என்பதே நான் இதில் கண்டுகொள்வது.

அந்தப் பாலம் முதலில் விரிசல் விடுவது கல்லூரி வாசலில் இல்லை. இரண்டு வருடம் முன்பே, பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில், 'எந்த குரூப்?' என்ற கேள்வியில்தான் அது நடக்கிறது. நல்ல மார்க் என்றால் ஃபர்ஸ்ட் குரூப். கொஞ்சம் குறைந்தால் பயாலஜி குரூப். அதற்கும் கீழே என்றால் காமர்ஸ். கடைசியில் தொழிற்கல்வி. பிள்ளையின் விருப்பத்தைக் கேட்காமல் மார்க்கை வைத்தே இப்படி வரிசை கட்டிவிடுகிறோம். பதினைந்து வயதில் எடுக்கும் இந்த முடிவு எத்தனை கதவுகளை மூடுகிறது என்று பெரும்பாலான வீடுகளில் தெரிவதில்லை. உயிரியல் படிக்காவிட்டால் நீட் எழுதி மருத்துவம் போக வழியில்லை. கணிதம் இல்லாவிட்டால் பொறியியலில் பெரும்பாலான வாசல்கள் அடைபடும்.

திறந்தே இருக்கும் கதவுகளும் உண்டு. அவற்றைச் சொல்லித்தர ஆள் இல்லை. சட்டக் கல்லூரியின் ஐந்தாண்டுப் படிப்புக்கு எந்த குரூப் படித்தாலும் விண்ணப்பிக்கலாம். ஆடிட்டராக நினைப்பவர்கள் பிளஸ் டூ முடித்ததுமே சி.ஏ. ஃபவுண்டேஷன் தேர்வுக்குத் தயாராகலாம். தொழிற்கல்விப் பிரிவில் படித்தவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் தனி ஒதுக்கீடே இருக்கிறது. 'கடைசி குரூப்' என்று ஒதுக்கப்பட்ட ஒரு பிள்ளை இதைத் தெரிந்துகொள்ளும்போது அதன் முகத்தில் வரும் வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறேன். பல நேரம் அது தெரியவரும்போது விண்ணப்பத் தேதி முடிந்திருக்கும்.

நான் ஃபர்ஸ்ட் குரூப் படித்தவன். கணக்கில் நல்ல மார்க் வந்ததால் சேர்த்துவிட்டார்கள். எனக்குப் பிடித்தது வரலாறு. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிடித்ததைச் சொல்லலாம் என்பதே அப்போது எனக்குத் தெரியாது. எழுத்துப் பக்கம் வந்து சேர மேலும் பத்து வருடம் ஆயிற்று. அந்தப் பத்து வருடம் பட்டாசுத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்காது. மூன்று வருடப் படிப்பு முடிந்த மறுமாதம் வீட்டுக்கு அந்தச் சம்பளம் தேவைப்படும்.

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட். அதன்பின் வரும் நாள்களில் சிவகாசி, சாத்தூர், திருத்தங்கல் எங்கும் கூட்டம் நிரம்பி வழியும் இடம் ப்ரௌசிங் சென்டர்தான். சான்றிதழ்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அம்மாவும் பிள்ளையும் வந்து நிற்பார்கள். "அண்ணாச்சி, புள்ளைக்கு என்ன போடலாம்?" என்று அம்மா கேட்பார். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பவர், "எல்லாரும் பி.எஸ்ஸி. சி.எஸ்.தான் போடுறாங்க மயினி, அதையே முதல்ல போட்டுருவோம்" என்பார். விண்ணப்பம் போய்விடும். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வரிசையில் இன்னும் இருபது பேர் நிற்கும்போது, தன்னிடம் கேட்டவருக்குத் தனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறார். ஒரு மாவட்டத்தின் தொழில் வழிகாட்டும் வேலையை இந்த அண்ணாச்சிமார் தலையில் நாம் இறக்கி வைத்திருக்கிறோம்.

பொறியியல் கலந்தாய்வில் அவசரம் இதைவிட அதிகம். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போட்டு, சுற்றுச் சுற்றாக அழைக்கிறார்கள். சாய்ஸ் ஃபில்லிங் செய்யக் கிடைப்பது சில நாள்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று நூற்றுக்கணக்கில் வரிசைப்படுத்த வேண்டும். கிடைத்த ஒதுக்கீட்டை அப்படியே ஏற்பதா, ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருப்பதா என்று முடிவு சொல்லவும் கெடு உண்டு. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் பிள்ளை இந்த முடிவுகளைத் தனியாக எடுக்கிறது. கணினி சார்ந்த பிரிவுகள் முதலில் நிரம்புவதற்கு வேலைவாய்ப்பு ஒரு காரணம். எல்லாரும் போகும் பாதையில் போனால் தவறு நம்முடையது ஆகாது என்ற பயமும் ஒரு காரணம்.

பணம் இன்னொரு கணக்கு. பட்டாசு வேலையில் பெரும்பகுதி பீஸ் ரேட். கட்டுக்கு இவ்வளவு, குரோஸுக்கு இவ்வளவு என்று கூலி. மழை பெய்தால் வேலை இல்லை, தீபாவளி முடிந்தால் சில வாரம் ஆலைக்குப் பூட்டு. கல்லூரிக் கட்டணமோ ஜூனில் நிற்கும். கையில் போனஸ் வருவது ஐப்பசியில். இந்த இடைவெளியை நிரப்பக் கடன் வாங்குவார்கள். பிள்ளைகளில் சிலர் விடுமுறையில் ஆலைக்கே வேலைக்குப் போவார்கள்.

உதவிகள் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கலந்தாய்வில் பெறும் இடத்துக்குக் கல்விக் கட்டணச் சலுகை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாணவிகளுக்கும், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாணவர்களுக்கும் மாதம் 1,000 ரூபாய். புதுமைப்பெண் முதலில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும்தான் இருந்தது. 2024 இறுதியில் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் விரிந்தது. உறவின்முறைகள் எனப்படும் சமூக அமைப்புகள் நடத்தும் உதவிபெறும் பள்ளிகள் நிறைந்த இந்த மாவட்டத்தில் அந்த ஒரு திருத்தம் எத்தனை வீடுகளைத் தொடும் என்று வெளியூர்க்காரர்களுக்கு எளிதில் புரியாது. மாதம் ஆயிரம் என்பது பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் ஆகும். 'பஸ் செலவுக்கு எங்க போக?' என்று நிறுத்தப்பட இருந்த பெண்பிள்ளைக்கு அதுவே படிப்பு.

2022 மார்ச்சில் வந்த 'நான் முதல்வன்' திட்டமும் அதன்கீழ் பிளஸ் டூ மாணவர்களுக்கு நடக்கும் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகளும் சரியான திசையில் வைத்த அடிகள். ஆனால் ஒரு மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோரை உட்காரவைத்துச் சொல்லும் வழிகாட்டல், தனக்கென்று ஒரு கேள்வி வைத்திருக்கும் பிள்ளையைச் சென்றடைவது கடினம். கூட்டத்தில் எழுந்து கேட்க நம் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள்.

பெற்றோரின் பயம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பட்டாசு ஆலையை இங்கே 'பயராபீஸ்' என்பார்கள். தீப்பெட்டி ஆலை 'தீப்பெட்டி ஆபீஸ்'. 'அம்மா ஆபீசுக்குப் போயிருக்கா' என்று அந்தக் காலத்துப் பிள்ளைகள் சொன்னார்கள். பல பிள்ளைகள் தாங்களே போனார்கள். விடியுமுன் ஊருக்குள் வரும் வேன் அவர்களை அள்ளிப் போகும். 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், அபாயத் தொழிலில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கு தொடங்கியது சிவகாசியிலிருந்துதான். அன்று வேனில் ஏறிய தலைமுறை இன்று பெற்றோர். 'ஏதாவது கம்ப்யூட்டர் படி' என்று சொல்லும் குரல் அவர்களுடையது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்துகளை அவர்கள் மறக்கவில்லை. முதலிப்பட்டியில் ஏறக்குறைய நாற்பது உயிர். அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேல். எழுதி முடித்தபின்னும் இந்த எண்களைத் தாண்டிப் போக முடியவில்லை.

ஆனால் அந்த விபத்துகளுக்குச் சொல்லப்படும் காரணங்களைக் கவனியுங்கள். நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் அதிகம் பேர். அளவுக்கு மீறிய மருந்து. உராய்வு. முதல் நாள் கலவையை அழிக்காமல் வைத்தது. உரிமத்தைப் பெற்றவர் ஒருவர், உள்குத்தகைக்கு நடத்துபவர் இன்னொருவர். இவற்றில் பாதி சட்டத்தை அமல்படுத்தாததன் கோளாறு. மீதிப் பாதி, மருந்தின் குணம் தெரிந்த, படித்த, 'இன்றைக்கு வேலையை நிறுத்துங்கள்' என்று சொல்ல அதிகாரமுள்ள ஒருவர் அந்த இடத்தில் இல்லாதது. நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று, உரிமம் தந்த அலுவலகத்தை வைத்துத் தரம்பிரித்துப் பேசும் இந்தத் தொழிலில், எத்தனை ஆலைகளில் முழுநேர வேதியியல் பட்டதாரி இருக்கிறார் என்று யாரும் பேசுவதில்லை.

அப்படிப்பட்டவருக்கான தேவை வந்துவிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்து, பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. அதன்பின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரி தந்த புதிய கலவை முறைகளுக்கு ஆலைகள் மாற வேண்டியதாயிற்று. மூலப்பொருளையும் கலவையையும் பகுத்தறிய நீரியின் ஆய்வு வசதி சிவகாசிக்கே வந்தது. வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் கீழ் பட்டாசு ஆராய்ச்சி மையமும் சிவகாசி வட்டாரத்தில் இருக்கிறது. பச்சை உப்பு இல்லாமல் பச்சை நிறத்தைக் கொண்டுவருவது எப்படி என்பது ஒரு முனைவர் பட்டத்துக்கான கேள்வி. அதற்கு முதல் உரிமையுள்ளவள் அந்த ஆய்வக மாணவி.

அவளை மருந்து அறைக்குத் திரும்பிப் போகச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அந்த அறையை மாற்றும் அதிகாரத்தோடு வரச் சொல்கிறேன். தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலராகப் பொறியியல் பட்டம்தான் வேண்டும் என்றில்லை. இயற்பியல் அல்லது வேதியியல் பட்டமும், சில ஆண்டு ஆலை அனுபவமும், தொழிலகப் பாதுகாப்பில் பட்டயமும் இருந்தால் அந்தப் பதவிக்குத் தகுதி உண்டு. பட்டாசு தவிர சிமென்ட், மருந்து, ரசாயனம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு என்று எங்கும் போகலாம். பி.எஸ்ஸி. வேதியியல் என்றால் 'டீச்சர் வேலைக்கா?' என்று கேட்கும் ஊரில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பெயரில் கல்லூரி நடத்துகிறீர்கள். அங்கே படித்த வேதியியல் பட்டதாரிக்கு உங்கள் ஆலையில் கௌரவமான சம்பளத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். நீங்கள் போடாதவரை எந்தத் தாயும் அந்தப் பாடத்தை நம்பமாட்டாள்.

பட்டாசை விட்டு வேறு பக்கம் திரும்பினாலும் வீட்டு வாசலிலேயே வழிகள் இருக்கின்றன. தீப்பெட்டிக்கு லேபிள் அடிக்கத் தொடங்கியதுதான் சிவகாசியின் அச்சுத்தொழில். இன்று ஆடிப்பெருக்கன்று புதுவருடக் காலண்டர் ஆல்பம் வெளியாகும்போது நாடு முழுவதிலுமிருந்து ஆர்டர் வருகிறது. இந்தத் தொழிலுக்கென்றே கிண்டி பொறியியல் கல்லூரியில் அச்சு, பேக்கேஜிங் தொழில்நுட்பப் படிப்பு இருக்கிறது. ஆஃப்செட் மெஷின் சத்தத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் சாய்ஸ் ஃபில்லிங்கில் அதைத் தேடிப் பார்த்திருப்பார்களா? சாத்தூர் பக்கம் இ.குமாரலிங்கபுரத்தில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா 2023-இல் அறிவிக்கப்பட்டது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணியும், ராஜபாளையத்தில் நூற்பாலைகளும் ஏற்கெனவே இருக்கும் மாவட்டம் இது. ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவருக்கு இனி வெளியூர் போகவேண்டிய கட்டாயம் குறையலாம். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மருத்துவர் தவிர செவிலியர், ஆய்வக நுட்பநர், கதிரியக்க நுட்பநர் என்று அதைச் சுற்றி எத்தனையோ வேலைகள்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் வெம்பக்கோட்டை. வைப்பாற்றங்கரையில், விஜயகரிசல்குளம் மேட்டுக்காட்டில், 2022-இல் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. சங்கு வளையல்களும் மணிகளும் சுடுமண் பொருள்களுமாக ஆயிரக்கணக்கில் கிடைத்தன. பட்டாசு ஷெட்டுகளுக்கு நடுவே ஒரு பழைய தொழில் நகரம் மண்ணுக்குள் இருந்திருக்கிறது. குழியில் தூரிகை பிடித்து மண் விலக்கியவர்களில் அந்த ஊர்ப் பெண்களும் உண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளை பி.ஏ. வரலாறு எடுத்து, எம்.ஏ. முடித்து, தொல்லியல் துறை சென்னையில் நடத்தும் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயத்தில் சேர்ந்தால், அடுத்த குழிக்கு அதுவே பொறுப்பாளராக வரலாம். 'ஹிஸ்டரி எடுத்து என்ன செய்யப்போற?' என்ற கேள்விக்கு இந்த மாவட்டத்தில் இப்போது ஒரு மேட்டுக்காடு பதிலாக இருக்கிறது.

1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். சுமார் எட்டு மாதம் அங்கே தங்கி, தீப்பெட்டி செய்வதைக் கண்ணால் பார்த்து, கையால் செய்து, பிறகுதான் இதுதான் நம் தொழில் என்று முடிவெடுத்துத் திரும்பினார்கள். இந்த வட்டாரத்தின் நூறு வருடப் பிழைப்பு அந்தப் பயணத்தில் பிறந்தது. அய்ய நாடார் பேரில் கல்லூரி இருக்கிறது; அவர்கள் இருவரும் செய்ததைத்தான் நம் பிள்ளைகளுக்கு நாம் செய்யவிடுவதில்லை. ஒரு வேலையை ஒரு நாள்கூடப் பார்க்காமல், அதற்கான படிப்பில் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடவைக்கிறோம்.

செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ் என்று இப்போது புதுப் பெயர்களோடு பிரிவுகள் வருகின்றன. அவற்றில் நல்லவையும் இருக்கும். அங்கே பாடம் நடத்துபவர் யார், போன வருடம் முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்ற இரண்டையும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். பதில் சொல்லத் தயங்கும் கல்லூரியின் வாசலில் அதிக நேரம் நிற்க வேண்டாம்.

பத்தாம் வகுப்புப் பிள்ளை உள்ள வீட்டாருக்கு என் வேண்டுகோள் இது. குரூப் கேட்டு விண்ணப்பம் எழுதுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, அது விரும்பும் வேலையை இப்போது செய்துகொண்டிருக்கும் ஒருவரிடம் போங்கள். பிரஸ்ஸில் டிசைன் போடுபவர், ஆஸ்பத்திரி லேபில் இருப்பவர், ஆலையின் பாதுகாப்பு அலுவலர், ஆடிட்டர் ஆபீசில் பயிற்சியில் இருக்கும் பக்கத்துத் தெரு அக்கா, யாராகவும் இருக்கட்டும். அரை மணி நேரம் பிள்ளையைப் பேசவிடுங்கள். நீங்கள் சற்றுத் தள்ளி உட்காருங்கள்.